தலை இடிக்கும் விட்டமும் தரையில் வெள்ளை வட்டமும்: ஓர் ஆங்கில கிராமத்து பப்பின் கட்டடக் கதை

இங்கிலாந்தின் பழைய கிராமத்து பப்புகள் சிலவற்றில், தாழ்வான விட்டத்தின் மேல் 'டக் ஆர் கிரவுஸ்' என்று எழுதி வைத்திருப்பார்கள். டக், கிரவுஸ் இரண்டும் பறவைகளின் பெயர்கள். கூடவே டக் என்றால் 'குனி', கிரவுஸ் என்றால் 'முணுமுணு'. ஒன்று குனிந்து போ, இல்லை இடித்துக்கொண்டு புலம்பு என்று பொருள். கொஞ்சம் உயரமானவர்கள் முதல் தடவை இரண்டாவதைத்தான் செய்வார்கள்.

ஏன் இவ்வளவு தாழ்வாகக் கட்டினார்கள் என்று கேட்டால், 'அந்தக் காலத்து ஆட்கள் குள்ளம்' என்று உடனே பதில் வரும். பழைய எலும்புகளை அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. இடைக்கால ஆண்கள் இன்றைய ஆண்களைவிட ஓரிரு அங்குலம்தான் குறைவு. தலையை இடிக்கும் அந்த விட்டம், கட்டடம் கட்டியபோது பெரும்பாலும் அங்கே இருந்திருக்கவே இருக்காது என்பதுதான் விஷயம். கட்டடமும் அப்போது பப்பாக இருந்திருக்காது. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் கிராமத்து பப்பின் கட்டடக்கலை முக்கால்வாசி புரிந்த மாதிரி.

முதலில் பெயரைப் பார்ப்போம். பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். நேராகச் சொன்னால் பொது வீடு, அதாவது ஊராருக்குக் கதவைத் திறந்துவிட்ட ஒரு வீடு. பழைய இங்கிலாந்தில் குடிக்கும் இடங்கள் மூன்று வகை. வழிப்போக்கருக்குப் படுக்கையும் குதிரைக்கு லாயமும் கொடுத்தது இன். ஒயின் விற்றது டாவர்ன், இது பெரும்பாலும் நகரத்துச் சமாச்சாரம். ஏல் என்ற பார்லி மதுவை வீட்டிலேயே காய்ச்சி விற்றது ஏல்ஹவுஸ். வீட்டுக்குத் தேவையான ஏலைக் காய்ச்சியது பெரும்பாலும் பெண்கள்தான். காய்ச்சியது மிஞ்சினால் வாசலில் ஒரு கம்பை நீட்டி, நுனியில் இலைக்கொத்தைக் கட்டிவிடுவார்கள். அதைப் பார்த்ததும் சரக்கு இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். 1552-ல் ஏல்ஹவுஸ் நடத்த உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்த பிறகும் இடம் என்னவோ அதே வீட்டுக் கூடம்தான்.

இவற்றில் கட்டும்போதே தொழிலுக்கென்று திட்டமிட்டுக் கட்டியது பெரும்பாலும் இன்தான். சாமர்செட்டில் நார்ட்டன் செயின்ட் பிலிப் என்ற ஊரில் இருக்கும் ஜார்ஜ் இன் அதற்கு நல்ல சாட்சி. பக்கத்து ஹின்டன் மடத்துத் துறவிகள் கட்டியது. கம்பளி வியாபாரத்துக்கு வருபவர்கள் தங்கவும், மூட்டைகளை அடுக்கவும் இடம் வேண்டியிருந்தது. கீழ்த்தளம் கல், அதன் மேல் இரண்டு மரத்தளங்கள். ஒவ்வொரு தளமும் கீழே இருப்பதைவிடக் கொஞ்சம் தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். வண்டி நுழைய அகலமான வளைவு வாசல், பின்னால் முற்றம். தெருவிலிருந்து பார்த்தாலே இது பெரிய இடம் என்று தெரிந்துவிடும். சாதாரண கிராமத்து பப்புக்கு இந்தக் கம்பீரம் கிடையாது. அது ஒரு விவசாயி வீடு.

அப்படி ஒரு வீட்டுக்குள் போய்விடுவோம். வூஸ்டர்ஷயரில் ஈவ்ஷாம் நகருக்குப் பக்கத்தில் பிரெட்ஃபோர்ட்டன் என்ற கிராமம். அங்கே இருக்கும் பப்பின் பெயர் ஃபிளீஸ் இன். ஃபிளீஸ் என்றால் ஆட்டின் மேலிருந்து ஒரே போர்வையாகக் கத்தரித்தெடுக்கும் ரோமம். பெயரில் இன் இருந்தாலும் இது மேலே சொன்ன மாதிரி சத்திரமாகக் கட்டியது அல்ல. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்ட் என்ற விவசாயக் குடும்பம் கட்டிய நீள வீடு. நீள வீடு என்றால், ஒரே கூரையின் கீழ் ஒரு முனையில் மனிதர்கள், மறுமுனையில் மாடுகள், நடுவில் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு நேராக ஓடும் ரேழி. குளிர்காலத்தில் மாடுகளின் உடல்சூடு வீட்டுக்கும் கொஞ்சம் உதவும். வாசனையும் சேர்ந்துதான் வந்திருக்கும், அதற்கு என்ன செய்வது! அந்த வீடு பப் ஆனது 1848-ல். நானூறு வருடத்துக்கு மேல் விவசாயி வீடாக இருந்துவிட்டு, பிறகுதான் பீர் விற்க ஆரம்பித்தது.

இந்த மாதிரி வீட்டைச் சுமப்பது சுவர் அல்ல, மரச்சட்டகம். ஓக் மரத்தில் தூண், விட்டம், குறுக்குச் சட்டம், மூலைக்கு மூலை சாய்வுத் தாங்கி என்று ஒரு கூண்டு செய்து நிறுத்திவிடுவார்கள். இடைவெளிகளை அடைப்பது மட்டும்தான் சுவரின் வேலை. ஓக்கை வெட்டிய ஈரத்தோடேயே இழைப்பார்கள், காய்ந்துவிட்டால் உளி இறங்காது. பச்சை மரம் கட்டடத்தில் நின்றுகொண்டே வருடக்கணக்கில் காயும், சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். பழைய பப்புகள் கோணல்மாணலாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். கட்டியவர் கைத்திறன் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. அவர் கைத்திறனைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு மரங்கள் சேரும் மூட்டு ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள்.

ஒரு மரத்தின் முனையை நாக்கு மாதிரிச் செதுக்கி, இன்னொரு மரத்தில் எடுத்த துளைக்குள் செருகுவார்கள். பிறகு பக்கவாட்டில் துளையிட்டு ஓக் முளை ஒன்றை அடித்து இறக்குவார்கள். ஆணி, திருகு எதுவும் கிடையாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நாக்கில் போடும் துளையும் வெளிமரத்தில் போடும் துளையும் நேருக்கு நேர் இருக்காது, வேண்டுமென்றே ஒரு நூல் தள்ளிப் போட்டிருப்பார்கள். முளையை அடிக்கும்போது அது வளைந்து நெளிந்து இறங்கி, நாக்கை இன்னும் உள்ளே இழுத்து இறுக்கிவிடும். ஈர மரம் பிறகு சுருங்கினாலும் மூட்டு கழலாது.

மூட்டுக்குப் பக்கத்தில் உளியால் கீறிய கோடுகள் தெரிந்தால் அதையும் விடாதீர்கள். ரோமானிய எண்கள் மாதிரி இருக்கும். சட்டகத்தை முதலில் தச்சுக்கூடத்தில் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். சரி என்றால் எந்தக் காலோடு எந்தக் கை சேர வேண்டும் என்று இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறி, பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். உளியால் வளைவு கீறுவது சிரமம், நேர்க்கோடு சுலபம். அதனால்தான் ரோமானிய எண். நாலு என்பதற்கு நாலு கோடு, ஒன்பதுக்கு ஐந்தின் குறியோடு நாலு கோடு. தலைகீழாகப் பார்த்தாலும் குழப்பம் வரக் கூடாதல்லவா?

இடைவெளிகளை அடைத்த விதம் இன்னும் எளிது. ஓக் குச்சிகளை நெட்டுக்கு நிறுத்தி, ஹேசல் மரத்தின் வளையும் கொம்புகளைக் குறுக்கே பின்னி ஒரு படல் செய்வார்கள். அதன் இரண்டு பக்கமும் களிமண், வைக்கோல், சாணம் சேர்த்துக் குழைத்ததை அப்பி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடிப்பார்கள். அவ்வளவுதான் சுவர். பிற்காலத்தில் படல் உளுத்துப்போன இடங்களில் செங்கல்லை வைத்து அடைத்தார்கள், அதனால் ஒரே வீட்டில் இரண்டும் கலந்து கிடக்கும்.

இங்கே ஒரு மாயையைக் கலைக்க வேண்டும். வெள்ளைச் சுவர், கன்னங்கரேல் என்ற மரம் என்று வாழ்த்து அட்டைகளில் வருகிறதே ஒரு தோற்றம், அந்தக் கறுப்பு பல இடங்களில் 19-ஆம் நூற்றாண்டு ரசனை. அதற்கு முன்னால் ஓக்கை வெறுமனே விட்டுவிடுவார்கள், வெயிலிலும் மழையிலும் அது வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அல்லது மரம், சுவர் என்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பை அடித்துவிடுவார்கள்.

இன்னொரு மாயை, 'இந்த விட்டங்களெல்லாம் உடைந்த கப்பல்களிலிருந்து வந்தவை' என்பது. கடலே கண்ணில் படாத ஊர்களிலும் இதைச் சொல்வார்கள். விட்டத்தில் எதற்கும் பயன்படாத துளைகள் வரிசையாக இருப்பதுதான் இந்தக் கதைக்கு விதை. உண்மையில் அந்தத் துளைகளில் ஒரு தடுப்புச் சுவரின் குச்சிகள் நின்றிருக்கும், பிற்பாடு யாரோ அந்தச் சுவரை எடுத்திருப்பார்கள். அல்லது வேறொரு வீட்டை இடித்தபோது கிடைத்த மரமாக இருக்கும். நல்ல ஓக்கை யாரும் வீசிவிடுவதில்லை. உங்கள் மேசைக்கு நேர் மேலே அப்படித் துளைவரிசை ஓடினால், நீங்கள் உட்கார்ந்திருப்பது இரண்டு அறைகளில் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது தலை இடிக்கும் விஷயத்துக்கு வருவோம். 15-ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட வீட்டின் நடுக்கூடத்துக்கு மேல்தளமே கிடையாது. தரையிலிருந்து முகடு வரை திறந்தே இருக்கும். புகைபோக்கியும் கிடையாது. தரையின் நடுவில் நெருப்பு எரியும், புகை மேலே எழும்பிக் கூரைக்கடியில் சுற்றிச் சுற்றி, கிடைத்த சந்து வழியாக வெளியே போகும். அந்த உயரம் ஆடம்பரத்துக்காக வந்ததல்ல. புகை மேலே தங்கினால்தான் கீழே மனிதர் மூச்சுவிட முடியும். சில பழைய வீடுகளில் பரணுக்குள் ஏறிப் பார்த்தால் கைமரங்களில் அறுநூறு வருடப் புகைக்கரி இன்னும் படிந்திருக்கும். அந்த வீடு ஒரு காலத்தில் திறந்த கூடமாக இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் செங்கல் பரவலானதும் வசதியுள்ள விவசாயிகள் கூடத்துக்குள் புகைபோக்கி கட்டினார்கள். புகைக்குத் தனிவழி வந்த பிறகு அந்த உயரம் வீண் இடமாகத் தோன்றத்தானே செய்யும்? நடுவில் ஒரு பெரிய விட்டத்தைப் போட்டு, அதன் மேல் குறுக்குக் கட்டைகளை அடுக்கி, பலகை பரப்பி ஒரு மாடி எடுத்துக்கொண்டார்கள். மாடியில் படுக்கையறை கிடைத்தது, கீழே கூரை இறங்கியது. நாம் இடித்துக்கொள்வது அந்தச் செருகிய தளத்தின் விட்டத்தில். சில இடங்களில் பிற்காலத்தில் கல் தரை போட்டபோது தரையும் சில அங்குலம் ஏறியது. மேலிருந்தும் கீழிருந்தும் நெருக்கினால் தலை என்ன செய்யும்?

அப்படி வந்த கணப்பு சின்ன விஷயம் அல்ல. பெரிய குடும்பமே அதைச் சுற்றித்தான் வாழ்ந்தது. சமையலும் அதில்தான் நடந்ததால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு அகலமாகக் கட்டினார்கள், இரண்டு பக்கமும் உள்ளேயே உட்காரத் திண்டு வைத்தார்கள். இதற்கு இங்கிள்நூக் என்று பெயர். முகப்பில் பெரிய ஓக் உத்தரம் பாரம் தாங்கும், பக்கச் சுவரில் ரொட்டி சுடும் அடுப்புக் குழி இருக்கும். பப்புகளில் நெருப்புக்கு முன்னால் முதுகு உயர்ந்த மர பெஞ்ச் ஒன்றைப் போட்டிருப்பார்கள், பெயர் செட்டில். அந்த உயரமான முதுகுக்கு வேலை ஒன்றுதான். கதவிடுக்கில் வரும் குளிர்காற்றைத் தடுத்து, நெருப்பின் சூட்டைப் பிடித்துவைக்க வேண்டும்.

கணப்புக்கு ஒரு பயமும் உண்டு. கதவைப் பூட்டலாம், ஜன்னலைச் சாத்தலாம், புகைபோக்கியை மூட முடியாது. இரவில் அந்த வழியாகச் சூனியக்காரி இறங்கி வந்துவிட்டால்? அதனால் கணப்பின் உத்தரத்தில் காம்பஸ் வைத்து ஆறிதழ்ப் பூ வடிவங்களைக் கீறிவைத்தார்கள். சில மரங்களில் கண்ணீர்த்துளி வடிவத்தில் கருகிய தழும்புகள் இருக்கும். மெழுகுச்சுடர் தவறிப் பட்டதல்ல, பிடித்துக்கொண்டு நின்று சுட்டது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். ஃபிளீஸ் இன்னில் கணப்புக்கு முன்னால் தரையிலேயே வெள்ளை வட்டங்கள் இருக்கின்றன. புகைபோக்கி வழியாக எது இறங்கினாலும் அந்த வட்டத்தைத் தாண்டி வீட்டுக்குள் வரமுடியாது என்பது ஐதீகம். இதைக் கட்டடக்கலைப் புத்தகத்தில் எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை. நிலைவாசலும் தாழ்ப்பாளும் எந்த அத்தியாயத்தில் வருகின்றனவோ, அதில்தான் என்பேன்.

சரி, இந்த வீடு பப் ஆனது எப்படி? 1830-ல் பீர்ஹவுஸ் சட்டம் வந்தது. வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் வருடத்துக்கு 2 கினி (பழைய ஆங்கிலப் பணம்) செலுத்தினால் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம், நீதிபதியிடம் போய் நிற்க வேண்டியதில்லை. ஜின் குடித்துச் சீரழிகிறவர்களைப் பீரின் பக்கம் திருப்புவதும் நோக்கங்களில் ஒன்று. முன்கூடத்தில் இரண்டு பெஞ்சைப் போட்டுக் கடை திறந்தவர்கள் ஏராளம். ஃபிளீஸ் வீட்டை 1848-ல் பப்பாக்கியவர் ஹென்றி பேர்ட் டாப்ளின். வீட்டைக் கட்டிய பேர்ட் குடும்பப் பெயர் அவர் பெயரிலேயே இருப்பதைக் கவனியுங்கள்.

இன்றைக்கு பப் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நீண்ட கவுன்ட்டரும் பின்னால் பாட்டில் அடுக்கும்தான். கிராமத்து பப்பில் அது கடைசியாக வந்து சேர்ந்த சாமான். முன்பு பீர் பின்னறையில் பீப்பாயில் இருக்கும். கேட்டால் வீட்டுக்காரரோ வேலைக்காரப் பெண்ணோ கூஜாவில் பிடித்துக்கொண்டு வந்து ஊற்றுவார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் பிராமா என்பவர் பீர் இறைக்கும் கைப்பம்புக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு நிலவறையிலிருக்கும் பீப்பாயிலிருந்து குழாய் வழியாக மேலே இழுக்க முடிந்தது. பம்பை மாட்ட ஒரு மேடை வேண்டுமே, கவுன்ட்டர் வேரூன்ற அதுவும் உதவியது. நகரத்து ஜின் கடைகள் அதைப் பகட்டாக்கின, அப்புறம் கிராமமும் பின்தொடர்ந்தது.

எல்லாக் கிராமமும் பின்தொடர்ந்துவிடவில்லை. பெர்க்ஷயரில் ஆல்ட்வொர்த் கிராமத்து பெல் இன்னில் இன்றும் கவுன்ட்டர் கிடையாது, கண்ணாடித் தடுப்பில் ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் பீர் வரும். டோர்செட்டில் வொர்த் மட்ராவர்ஸ் ஊரின் ஸ்கொயர் அண்ட் காம்பஸிலும் ரேழியில் நின்றுகொண்டு சன்னல்வழியில்தான் வாங்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்துக்கு முதன்முதலில் போகிறவர் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி விழிப்பார். நுழைந்தது வீடுதானே!

விக்டோரியா காலத்தில் பப்பை அறை அறையாகப் பிரித்தார்கள். உழைப்பாளிகளுக்குப் பப்ளிக் பார். அங்கே வெறும் கல் தரை, மர பெஞ்ச், பீர் கொஞ்சம் மலிவு. கோட்டு போட்டவர்களுக்குச் சலூன் பார், அங்கே கம்பளமும் மெத்தை நாற்காலியும் உண்டு. யார் கண்ணிலும் படாமல் குடிக்க விரும்புகிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, ஸ்னக் என்ற குட்டி அறை. ஒரு சின்ன கிராமத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ஆனாலும் இரண்டு கதவுகள். 1960, 70-களில் இந்தத் தடுப்புகளை இடித்து ஒரே கூடமாக்குவது ஒரு வெறி மாதிரிப் பரவியது. ஒரு கவுன்ட்டரிலிருந்தே எல்லாரையும் கவனித்துக்கொள்ளலாம் என்பது வியாபாரக் கணக்கு. சமத்துவம் வந்தது என்றும் சொல்லலாம்தான். ஆனால் மூலையில் ஒதுங்கி உட்காரும் சுகம் போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1971-ல் தொடங்கிய காம்ரா என்ற பீர்ப்பிரியர் இயக்கம், பீரோடு சேர்த்து, மாறாமல் மிஞ்சிய பப் உள்ளறைகளையும் பட்டியல் போட்டுக் காக்க முனைந்ததற்கு இந்த இடிப்புதான் காரணம்.

நிலவறையை ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம்: குளிர்ச்சி. பீப்பாய்க்குள் நொதித்துக்கொண்டே இருக்கும் பீருக்கு 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் தேவை. குளிர்பெட்டி வருவதற்கு முன் அதைக் கொடுத்தது மண்ணுக்கடியில் கல்லால் கட்டிய அறைதான். தெருவோரம் தரையில் ஒரு மரக்கதவு தெரிந்தால், பீப்பாயை உருட்டி இறக்கும் வழி அது.

கூரைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். கோதுமை வைக்கோல் அல்லது நாணலால் வேய்ந்த கூரை செங்குத்தாகச் சரிந்திருக்கும், சரிவு சுமார் 50 டிகிரி. மழைநீர் உள்ளே இறங்க நேரம் கொடுக்காமல் தாளுக்குத் தாள் வழிந்து இறவாரத்தில் சொட்டிவிடும், மேலாக ஓரிரு அங்குலம்தான் நனையும். குளிர்காலத்தில் கதகதப்பு, கோடையில் குளுமை. எதிரி ஒன்றே ஒன்று, நெருப்பு. 2004 பிப்ரவரியில் ஃபிளீஸ் இன்னின் புகைபோக்கியிலிருந்து கிளம்பிய ஒரு பொறி கூரையில் விழுந்து, கூரையும் மாடியும் எரிந்துபோயின. சூனியக்காரிக்கு வட்டம் போட்டவர்கள் பொறிக்கு எதுவும் போட்டு வைக்கவில்லை.

பழைய முறையிலேயே சீரமைத்து 2005-ல் மறுபடியும் திறந்தார்கள். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட கட்டடங்களை மூன்று தரமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். பட்டியலில் ஏறிவிட்டால் அதன் தன்மையைப் பாதிக்கிற எந்த மாற்றத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும், ஒரு பழைய தடுப்பை எடுப்பதானாலும் சரி. ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டாஃபோர்ட்ஷயரின் க்ரூக்கட் ஹவுஸ் உதாரணம். 1765-ல் பண்ணை வீடாகக் கட்டியது. அடியில் சுரங்கம் தோண்டியதில் ஒரு பக்கம் அப்படியே சரிந்து, அந்தச் சாய்வுக்காகவே பேர் வாங்கிய பப். அது பட்டியலில் இல்லை. 2023 ஆகஸ்டில் தீப்பிடித்தது, இரண்டே நாளில் மிச்சத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். மறுபடி கட்டு என்று உரிமையாளர்களுக்கு உள்ளூர் மன்றம் அடுத்த வருடம் உத்தரவு போட்டது.

ஃபிளீஸ் தப்பித்ததற்குப் பட்டியல் மட்டும் காரணமல்ல. ஹென்றியின் வழிவந்த லோலா டாப்ளின் என்ற பெண்மணி கடைசிக் காலம் வரை தனியாளாக அந்த பப்பை நடத்தினார். 1977-ல் அவர் இறந்தபோது வீட்டை நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரிய அறக்கட்டளைக்கு எழுதி வைத்திருந்தார். உள்ளே இருந்த பழைய சாமான்களும் கூடவே போயின. கணப்புக்குப் பக்கத்து அறையில் அடுக்கியிருக்கும் 17-ஆம் நூற்றாண்டு வெள்ளீயத் தட்டுகளும் அவற்றில் சேர்த்தி. போகும்போது ஒரு நிபந்தனையும் வைத்தார்: அந்த வீட்டில் உருளைக்கிழங்கு சிப்ஸ் விற்கக் கூடாது.